குடிக்கிறதா, சிந்துகிறதா?

1996 ஜூன் மாதம். ராமநாதபுரம் வண்டிக்காரத் தெருவில் அந்த வெள்ளை அம்பாசடர் காலையில் கிளம்பும் சத்தம் கேட்டால், எதிர்வீட்டு அக்கா கொடியில் காயும் துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விடுவார். நீலம் ஓடிய புகை தெருமுனை வரை தேங்கி நின்று மெல்லத்தான் கலையும். வண்டிக்கு உரிமையாளரும் ஓட்டுநரும் ஒருவரே. டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் எஞ்சின் ஆயில் கேன் ஒன்று எப்போதும் இருந்தது. ராமேஸ்வரம் போய்த் திரும்பினால் 110 கிலோமீட்டர். போகையில் உச்சிப்புளியிலும் வருகையில் தங்கச்சிமடத்திலும் நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, டிப் ஸ்டிக்கை உருவிப் பார்ப்பார். இரண்டு இடத்திலும் ஊற்ற வேண்டியிருந்தது.

ஊற்றுவது மகனின் வேலை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் அப்பாவோடு முன்சீட்டில் போய்வந்துகொண்டிருந்தான். சவாரிக்காரர்கள் கோயிலில் 22 தீர்த்தங்களும் ஆடி முடித்துத் தரிசனம் செய்துவரும் நேரத்தில், அவன் வண்டிக்கு அடியில் படுத்துக் கசிவு தேடுவான்.

அது 1984-ஆம் வருட வண்டி. மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957 முதல் 2014 வரை செய்த கார் அம்பாசடர். உடலும் எஞ்சினும் பிரிட்டிஷ் வடிவமைப்பு. உள்ளே 1,489 சிசி பெட்ரோல் எஞ்சின், நான்கு சிலிண்டர். அந்த எஞ்சின் கொஞ்சம் எண்ணெய் குடிக்கும் என்பது டாக்சி ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரியும். ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் போனால் யாரும் அதை ஒரு கோளாறாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இங்கே சங்கதி வேறு. ஜனவரியில்தான் வெளியூர்ப் பட்டறை ஒன்றில் எஞ்சின் வேலை பார்த்து, புது ரிங் செட் போட்டிருந்தார்கள். அதற்காக அம்மாவின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயிருந்தன. ஆறாம் மாதம் பிறப்பதற்குள் வண்டி பழையபடி, இல்லை, பழையதைவிட மோசமாகக் குடித்தது.

மீண்டும் எஞ்சினை இறக்கச் சொன்னவர்கள் பலர். கெட்டியான ஆயிலை ஊற்றி ஓட்டச் சொன்னவர்களும் இருந்தார்கள். கடைசியில் யாரோ சொல்லி, கேணிக்கரைப் பக்கம் வேப்பமரத்தடியில் பட்டறை வைத்திருந்த ஒரு பாயிடம் வண்டி போனது. ஐம்பதைத் தாண்டிய மனிதர். வண்டியைத் தொடாமல், முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணே, இது குடிக்குதா, சிந்துதா?"

அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. புகை வருகிறது, அதனால் குடிக்கிறது என்றார். "புகை வர்ற வண்டி சிந்தவும் செய்யலாம்ல. எவ்வளவு குடிக்குது, எவ்வளவு சிந்துதுன்னு தெரியாம எஞ்சினைத் தொறக்கக் கூடாதுண்ணே. போன தடவை அப்படித் தொறந்ததுதான் இப்ப இங்க நிக்குது" என்றார் பாய். பிறகு பையனைப் பார்த்து, "மாப்ள, ஒரு நோட்டு வாங்கியா" என்றார்.

அந்த நாற்பது பக்க நோட்டில் நான்கு கோடுகள் இழுக்கப்பட்டன. தேதி, கிலோமீட்டர், டிப் ஸ்டிக்கின் அளவு, ஊற்றிய ஆயில். அளப்பதற்கு மில்லி கோடு போட்ட மருந்து பாட்டில். பார்க்கும் இடம் எப்போதும் ஒன்றுதான்: பட்டறையின் சமமான சிமெண்ட் தரை. பார்க்கும் நேரமும் ஒன்றுதான்: காலையில், எஞ்சின் ஆறி, ஆயிலெல்லாம் கீழே சம்ப்புக்கு இறங்கிய பிறகு. ஓடிவந்த சூட்டில் சாய்வான இடத்தில் நிறுத்திப் பார்த்தால் டிப் ஸ்டிக் பொய் சொல்லும் என்றார். உச்சிப்புளியிலும் தங்கச்சிமடத்திலும் அதுவரை நடந்தது அதுதான். பார்த்த அளவு குறைவாகத் தெரிய, மேல்கோட்டைத் தாண்டி ஊற்றியிருக்கிறார்கள். மட்டம் கூடிப்போனால் சுழலும் கிராங்க் ஆயிலை அடித்து நுரைக்க வைத்து, சிலிண்டர் சுவர்மேல் வாரி இறைக்கும். ஊற்ற ஊற்றக் குடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, மூன்று ராமேஸ்வரம் சவாரி ஓடினார்கள். 330 கிலோமீட்டருக்கு 900 மில்லி. ஆயிரத்துக்கு 2.7 லிட்டர் என்று கணக்கு வந்தது. அந்த எஞ்சினில் மொத்தம் பிடிப்பதே சுமார் 4 லிட்டர்.

அடுத்தது சிந்தும் கணக்கு. எஞ்சினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, துடைத்து, காயவைத்து, எதிரே இருந்த கடையில் முகப்பவுடர் டப்பா ஒன்று வாங்கி, எஞ்சினின் அடிப்பகுதி முழுக்கத் தூவினார் பாய். உச்சிப்புளி வரை ஒரு ஓட்டம். திரும்பிவந்து பார்த்தபோது பவுடரின் வெள்ளையில் ஈரக் கோடுகள் தெளிவாக இருந்தன. ஒன்று சம்ப்பின் மூலையில். உப்புக் காற்றில் அந்தத் தகரம் துருவேறி, ஊசிக்கண் அளவு ஓட்டையில் வியர்த்துக்கொண்டிருந்தது. மண்டபம், பாம்பன் பக்கம் ஓடும் வண்டிகளுக்கு இது வரும். இன்னொன்று எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில்.

இந்த இரண்டாவது கசிவு கவனிக்க வேண்டியது. அந்த எஞ்சினில் கிராங்க் தண்டின் பின்முனைக்கு ரப்பர் சீல் கிடையாது. தண்டின் மேலேயே திருகுமறை போலப் பள்ளம் வெட்டியிருக்கும். சுழலும்போது அந்தப் பள்ளம் ஆயிலைத் திரும்ப உள்ளே தள்ளும். உள்ளே காற்றழுத்தம் ஏறாத வரைக்கும்தான் அதன் பாச்சா பலிக்கும். ரிங் வழியாக எரிந்த வாயு கீழே இறங்கி அழுத்தம் கூடினால், ஆயில் பின்பக்கமாகப் பிதுங்கி வெளியே வரும். அதாவது அந்தக் கசிவு தனி நோயல்ல, உள்ளே இருக்கும் நோயின் அடையாளம். எஞ்சின் ஓடும்போது பாய் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்துவிட்டார். இரயில் எஞ்சின் போல் குபுகுபுவென்று மூச்சு வந்தது. "பேக் கம்ப்ரஷன்" என்றார் சுருக்கமாக.

இரவு முழுக்க வண்டிக்கு அடியில் விரித்த அட்டையில் விழுந்த சொட்டுகளைப் பையன் எண்ணினான். நாற்பத்திரண்டு. ஒரு மில்லிக்கு இருபது முப்பது சொட்டு என்று வைத்தாலும் ஏறத்தாழ இரண்டு மில்லிக்கு மேல் போகாது. ஓடும்போது இதைவிடக் கூடும். ஆனாலும் 900 மில்லியில் சிந்தியது சொற்பம். மிச்சமெல்லாம் குடித்ததுதான்.

எதன் வழியாகக் குடிக்கிறது? இதற்குப் பாய் தேர்ந்தெடுத்த ஆய்வுக்கூடம் பாம்பன் பாலம்.

ராமேஸ்வரம் தீவுக்குச் சாலைப் பாலம் வந்தது 1988 அக்டோபர் 2-ஆம் தேதி. ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். இந்திரா காந்தியின் பெயர் வைத்தார்கள். நீளம் 2.345 கிலோமீட்டர். அதுவரை 1914-இல் திறந்த ரயில் பாலத்தில் ரயிலில் போகலாம், அல்லது படகில். சாலைப் பாலம் திறந்த பிறகுதான் ராமநாதபுரத்து டாக்சிகளுக்குத் தீவுச் சவாரியே வந்தது. கீழே படகுகள் போவதற்காகப் பாலத்தின் நடுப்பகுதி உயர்ந்திருக்கும். பனைமரத்துக்கு மேல் மேடு பார்க்காத இந்தத் தட்டை மாவட்டத்தில், ஒரு எஞ்சினை ஏற்றத்திலும் இறக்கத்திலும் சோதிக்க வேறு இடம் இல்லை.

ஜூனில் அங்கே சோழகக் காற்று சும்மா விடாது. புகை வந்த மாத்திரத்தில் கடலுக்குக் கொண்டுபோய்விடும். அதனால் காற்று அடங்கியிருக்கும் விடியலுக்கு முன் போனார்கள். அப்பா ஓட்ட, பாயும் பையனும் பின்சீட்டில் மண்டியிட்டுப் பின்கண்ணாடி வழியே பார்த்தார்கள். ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிக்கச் சொன்னார் பாய். உச்சி வரை நீலப்புகை அறுபடாமல் வந்தது. இறக்கத்தில் காலை முழுக்க எடுத்துவிட்டு, வண்டியைக் கியரிலேயே உருளவிட்டு, அடிவாரத்தில் சட்டென்று மிதிக்கச் சொன்னார். ஒரு பொதி புகை வெடித்து வந்தது, பிறகு குறைந்தது.

"ஏறும்போது விடாம வந்தா ரிங்கு. இறங்கிட்டு மிதிச்சதும் குப்புனு வந்தா வால்வு கைடு. இதுல ரெண்டும் இருக்கு மாப்ள, ஆனா ரிங்கு பங்குதான் பெருசு."

காரணம் எளியது. ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கும்போது கார்புரேட்டரின் வாய் மூடியிருக்கும். உள்ளே வெற்றிடம் கூடும். தேய்ந்த வால்வு கைடு வழியே மேலிருந்து ஆயில் உறிஞ்சப்பட்டு அங்கே தங்கும். மிதித்ததும் அது மொத்தமாக எரியும். ஏற்றத்தில் நிலைமை தலைகீழ். சுமை ஏற ஏற, சுவரை வழிக்கத் தெரியாத ரிங் ஆயிலை மேலே விட்டுக்கொண்டே இருக்கும். பையன் மூன்று தடவை பாலத்தைக் கடந்தான், மூன்று தடவையும் நோட்டில் எழுதினான். கிழக்கே வெளுத்து, கீழே படகுகள் தெரிய ஆரம்பித்தபோது சோதனை முடிந்திருந்தது.

பட்டறையில் நான்கு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்தார் பாய். மூன்றாவது சிலிண்டரின் பிளக் கரியும் எண்ணெயுமாக நனைந்திருந்தது. கம்ப்ரஷன் கேஜை வைத்து ஒவ்வொரு சிலிண்டராக அடித்துப் பார்த்தார்: 105, 100, 70, 95. பிறகு ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி. 130, 125, 115, 125. ஊற்றிய ஆயில் ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியைத் தற்காலிகமாக அடைக்கும். அதனால் எண் ஏறினால் குற்றம் ரிங் பக்கம். ஏறாமல் அப்படியே நின்றால் வால்வோ கேஸ்கெட்டோ. இப்போதுதான், நோட்டில் ஐந்து பக்கம் நிரம்பிய பிறகுதான், ஹெட்டைக் கழற்றச் சொன்னார்.

உள்ளே பார்த்ததைப் பையன் மறக்கவில்லை. சிலிண்டரின் மேல்விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தால் டக்கென்று ஒரு படியில் தட்டியது. ரிங் ஓடும் இடம் தேய்ந்து, அது எட்டாத விளிம்பு மட்டும் பழைய அளவில் நின்றதால் விழுந்த படி. சிலிண்டர் நேர்க்குழாயாக இல்லை. மேலே அகன்று கீழே குறுகி, புனல் போல் ஆகியிருந்தது. ஜனவரியில் வேலை செய்தவர்கள் போரைத் தொடாமல் புது ரிங்கை மட்டும் மாட்டியிருந்தார்கள். புனலுக்குள் ஓடும் வட்ட ரிங், ஒவ்வொரு ஏற்றத்திலும் விரிந்து ஒவ்வொரு இறக்கத்திலும் சுருங்கி, சுவரோடு சேரவே முடியாமல் செத்திருந்தது.

அத்தோடு முடித்திருக்கலாம். பாய் முடிக்கவில்லை. கழற்றிய ரிங்குகளை வெள்ளைத் துணியில் அடுக்கி, வெயிலில் வைத்துப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் ரிங் பிளேடு போல மெலிந்திருந்தது. கீழே இருக்கும் ஆயில் ரிங்கில் தேய்மானம் குறைவு. கிராங்க் பேரிங்குகளில் கீறலே இல்லை.

"ஆயில்ல அழுக்கு இருந்தா கீழருந்து தின்னும். பேரிங்கு போயிருக்கும். இது மேலருந்து தின்னுருக்கு. காத்தோட உள்ள வந்திருக்கு."

ஏர் கிளீனரைத் தூக்கினார்கள். கிண்ணத்தில் ஆயில் ஊற்றி வைக்கும் வகை. காற்று அந்தக் கிண்ணத்தின் மேல் மோதித் திரும்பும்போது புழுதி ஆயிலில் ஒட்டிக்கொள்ளும். கிண்ணத்தில் ஆயில் இல்லை. களி போல இறுகிய சேறு இருந்தது. அதைவிட மோசம், ஏர் கிளீனரும் கார்புரேட்டரும் சேரும் இடத்தில் இருக்க வேண்டிய ரப்பர் வாஷரைக் காணோம். தீக்குச்சி நுழையும் இடைவெளி. கார்புரேட்டரின் வாய்க்குள் விரலை விட்டுத் தடவினார் பாய். வெளிர்நிறத்தில் மாவு போல ஒட்டி வந்தது.

"தனுஷ்கோடி மணல்" என்றார் அப்பா உடனே. கடற்கரை வண்டிக்கு வரும் எல்லா நோய்க்கும் அங்கே சொல்லப்படும் காரணம் அதுதான். பாய் அதை இரண்டு விரலுக்கிடையே தேய்த்துக் காட்டினார். நெறுநெறுக்கவில்லை. மணலாக இருந்தால் கனத்துக்குக் கீழே விழுந்திருக்கும், இவ்வளவு நைசாக இருக்காது என்றார். "தேர்தலுக்கு எங்கெங்கண்ணே ஓட்டுனீங்க?"

அந்த ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் தமிழ்நாட்டுக்குச் சட்டமன்றத் தேர்தலும் நாடாளுமன்றத் தேர்தலும் சேர்ந்தே வந்தன. பிரச்சாரத்துக்கு வாடகைக்குப் போன அம்பாசடர், முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடிப் பக்கத்து மண்சாலைகளில், எப்போதும் முன்னால் ஒரு ஜீப்பின் புழுதிக்குள்ளேயே வாரக்கணக்கில் ஓடியிருந்தது. பாய் சொன்னது சரிதான். எஞ்சினை அதிகம் தின்பது கண்ணுக்குத் தெரியும் மணல் அல்ல. 5 முதல் 20 மைக்ரான் வரையுள்ள நுண்துகள். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் அளவு புரியும். ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் ஆயில் படலத்துக்குள் நுழையும் அளவு அது. நுழைந்தால் உப்புத்தாள் போலத் தேய்க்கும். தனுஷ்கோடிக்கு டாக்சிகள் அப்போது முகுந்தராயர் சத்திரத்தோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் ஜீப்புகளும் வேன்களும்தான். அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் தார்ச்சாலை 2017-இல்தான் திறந்தது. கடல் அந்த எஞ்சினுக்குச் செய்த கெடுதல் சம்ப்பில் விழுந்த ஓர் ஊசிக்கண் மட்டுமே.

பிளாக்கை மதுரைக்கு அனுப்பி ரீபோர் செய்தார்கள். அந்த எஞ்சினின் மூல அளவு 73.025 மில்லிமீட்டர். ஏற்கெனவே இருபது தௌ போயிருந்ததால் இப்போது நாற்பது தௌ, அதாவது சுமார் ஒரு மில்லிமீட்டர் பெரிதாக்க வேண்டியிருந்தது. அடுத்த முறை ஸ்லீவ்தான். லேத்தில் கடைந்தபின் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல் போட்டுத் தர வேண்டும் என்று பாய் கூடவே போய் நின்றார். கண்ணாடி போல வழவழப்பாக விட்டால் ரிங் படியாது, ஆயிலும் சுவரில் நிற்காது. "கொத்தாத அம்மில மசால் அரையுமா மாப்ள?"

பிளாக் திரும்பி வந்ததும் நடந்ததை இன்றைய பட்டறைகள் பலவற்றில் பார்க்க முடிவதில்லை. மண்ணெண்ணெய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சலவை சோப்பும் கொதிநீரும் பிரஷும் கொண்டு நான்கு சிலிண்டரையும் தேய்த்துக் கழுவினார்கள். கீறல் போடும் கல்லின் தூள் அந்தக் கீறலுக்குள்ளேயே பதிந்து நிற்கும். மண்ணெண்ணெய் அதை ஈரப்படுத்துமே தவிர வெளியேற்றாது. கழுவி, ஆயில் தடவி, வெள்ளை வேட்டித் துணியால் துடைத்தார்கள். துணி சாம்பல் நிறமாகியது. மறுபடி சோப்பு. ஆறாவது தடவைதான் துணி வெள்ளையாக வந்தது. பையனின் உள்ளங்கை வெந்து தோல் உரிந்தது. புழுதியால் செத்த எஞ்சினுக்குள் புதுப் புழுதியை வைத்து மூடக் கூடாது என்பதில் அந்த மனிதர் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை.

புது பிஸ்டன், ரிங், வால்வு கைடு, சீல், துரு பிடிக்காத நல்ல சம்ப். கடைசியாக ரப்பர் வாஷர். அதன் விலை மற்ற எதற்கும் பக்கத்தில் வராது. ரன்னிங் 500 கிலோமீட்டர் முடிந்து ஆயில் மாற்றி, நோட்டை மறுபடி திறந்தார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு 250 மில்லி. கியர் பாக்ஸ் பக்கத்துக் கசிவை யாரும் தொடவே இல்லை. உள்ளே அழுத்தம் இறங்கியதும் அது தானாகவே ஏறத்தாழ நின்றுபோனது.

அந்தப் பையனுக்கு இப்போது நாற்பதைத் தாண்டிய வயது. மதுரையில் இருக்கிறார். 2022-இல் அவருடைய பெட்ரோல் கார் 78,000 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது ஆயில் குறையத் தொடங்கியது. புகை இல்லை, சொட்டு இல்லை. சர்வீஸ் சென்டர் ஒன்றில் எஞ்சினை இறக்க வேண்டும் என்றார்கள். அவர் நோட்டு போட்டார்: 1,500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர். இன்றைய கார்களில் புகை தெரியாததால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் புகையை மறைக்கும், ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் மெல்ல மெல்ல அந்தக் கன்வெர்ட்டரையே கெடுக்கும். எரிபொருள் சிக்கனத்துக்காக ரிங்குகளை இறுக்கம் குறைத்துச் செய்வதும் ஆயிலை மெலிதாக்குவதும் சேர்ந்து, நல்ல நிறுவனங்களையே தடுமாற வைத்திருக்கின்றன. டொயோட்டாவின் 2.4 லிட்டர் எஞ்சின் ஒன்று, 2007 முதல் வந்த கேம்ரி கார்களில், அமெரிக்காவில் இப்படிக் குடித்தது. வாடிக்கையாளரின் வண்டியில் ஆயிலை அளந்து விட்டு, 1,200 மைல் ஓட்டிவரச் சொல்லி, ஒரு குவார்ட்டுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 950 மில்லிக்கு மேல் குறைந்திருந்தால் பிஸ்டனையும் ரிங்கையும் மாற்றிக் கொடுத்தார்கள். கேணிக்கரை நோட்டின் அதே கணக்கு.

மதுரைக் காரில் பார்த்தபோது பிசிவி வால்வு திறந்தபடியே சிக்கியிருந்தது. எஞ்சினின் மூச்சை அளவாக உறிஞ்ச வேண்டிய அந்தச் சிறு வால்வு, ஆயில் ஆவியையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தது. அதை மாற்றிய பிறகு 3,000 கிலோமீட்டர் வரை நோட்டில் ஊற்றிய கணக்கு எதுவும் ஏறவில்லை. எஞ்சினை யாரும் இறக்கவில்லை.

அம்பாசடரை அப்பா 2003-இல் சாயல்குடிக்காரர் ஒருவருக்கு விற்றார். வாங்க வந்தவர் டயரைப் பார்த்தார், பேட்டரியைப் பார்த்தார், சைலன்சருக்குப் பின்னால் கையை வைத்துப் புகை பார்த்தார். பணம் கைமாறிய பிறகு அப்பா பானெட்டைத் தூக்கி, ஏர் கிளீனரின் நட்டைக் கழற்றி, கிளீனரைத் தூக்கி, அந்த ரப்பர் வாஷரை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "உங்க பக்கம் புழுதி சாஸ்திண்ணே. கழட்டுறப்பல்லாம் இது இருக்கான்னு பாருங்க." பிறகு அதை வாங்கி, பழைய இடத்தில் வைத்து, நட்டை முடுக்கிக் கொடுத்தார்.